கைடுக்கு அடுத்த புத்தகம்: நெல்லைச் சீமையில் ஒரு கல்லூரி நூலகம்

கல்லூரி நூலகம் என்று பேச்சு வந்தால் முதல் கேள்வி, "எத்தனை ஆயிரம் புத்தகம் இருக்கு?" என்பதுதான். ஆண்டு மலரிலும் அந்த எண்தான், சேர்க்கைக் கால விளம்பரத் தட்டியிலும் அந்த எண்தான். இந்த ஆய்வில் நான் கேட்டது வேறு. பரீட்சைக்குக் கைடு எடுத்த மாணவர் அதைத் திருப்பித் தரும் அன்றைக்குக் கூடவே இன்னொரு புத்தகம் எடுத்துப் போகிறாரா? எடுத்தால் எதை? எடுக்கவில்லை என்றால் அவரைத் தடுத்தது எது?

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பாளையங்கோட்டை வட்டாரத்தில், அரசு உதவி பெறும் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் நூலகம். பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்தில் பல கல்லூரிகளின் நிலைமை இதுவே. அங்கே நூலகக் குழுவில் வெளி உறுப்பினராக இருந்து பார்த்ததையும், நூலகர் மேடமும் உதவியாளர் அண்ணாச்சியும் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

பிள்ளைகள் முக்கூடல், சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி, ஏர்வாடி என்று பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள் என்பது ஆசிரியர்களின் அனுபவம். சாயங்கால வகுப்பு முடிந்ததும் ஊர்ப் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், விட்டால் அடுத்ததற்கு இருட்டிவிடும். அதனால் நூலகத்துக்கு அவர்கள் கொடுக்கக்கூடிய நேரம் மதியச் சாப்பாட்டு வேளையில் மிஞ்சுகிற கொஞ்ச நேரம்தான். நாங்கள் போனபோது உதவியாளர்கள் சாப்பிடப் போகவேண்டும் என்று அந்த நேரத்தில்தான் புத்தகம் கொடுக்கும் மேசையை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பல ஆண்டுப் பழக்கம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931-லேயே நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக எழுதி வைத்தார். சீர்காழியில் பிறந்த மனிதர் சொன்ன அந்த விதிக்கு நம் கல்லூரிகளில் உயிர் கொடுக்கப் பணம் வேண்டாம். சாப்பாட்டு முறையை இருவருக்குள் மாற்றிக்கொண்டாலே போதும். அந்த மாற்றம்தான் முதலில் நடந்தது.

அடித்தட்டில் தொடங்கியது

சேகரத்தைப் புத்தகம் புத்தகமாகப் பார்க்கும் வேலை திட்டம் போட்டு வரவில்லை, மழையால் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன் பேருந்து நிலையம் வரை வந்ததை நெல்லைக்காரர்கள் மறக்கமாட்டோம். கல்லூரிக்கு ஆற்று வெள்ளம் வரவில்லை. ஆனால் தரைத்தளத்து அடுக்கறையில் தண்ணீர் கசிந்து, ரேக்குகளின் அடித்தட்டுகள் நனைந்துவிட்டன. மின்விசிறிக்கு அடியில் புத்தகங்களை விரித்து நிறுத்திக் காயவைத்தார்கள். வழவழப்புத் தாளில் அச்சான வண்ணப்பட நூல்கள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன. ஈரம் காயாமல் மூடி வைத்தவற்றில் பூஞ்சை வந்தது.

அடித்தட்டு என்பது எந்த நூலகத்திலும் யாரும் கேட்காத புத்தகங்களின் இடம். அங்கே இருந்தவை இரண்டே வகை. ஒன்று, காலாவதியான பாடநூல்களின் பல பிரதிகள். இன்னொன்று, எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே தள்ளிய உள்ளூர் வெளியீடுகள்: கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள், பழைய மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகள், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்கள் நன்கொடையாகத் தந்த கட்டுகளில் சிற்றிதழ்கள். முதல் வகை நனைந்தால் நட்டமில்லை. இரண்டாம் வகையில் கெட்டுப்போன ஒவ்வொன்றும் போனது போனதுதான், எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டையும் ஒரே தட்டில், ஒரே மரியாதையோடு வைத்திருந்தோம் என்பதே அந்தச் சேகரத்தைப் பற்றி நிறையச் சொல்லியது.

தேதிச் சீட்டு சொன்னது

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை. நூல்கள் வந்து போவதைக் கணினியில் பதியும் கோஹா மென்பொருள் நூலகத்துக்கு வந்த பிறகு சீட்டில் முத்திரை குத்துவது குறைந்துவிட்டது. இருந்தாலும் பழைய சீட்டுகளையும் மென்பொருளின் பதிவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு நூலின் வாழ்க்கை தெரிந்துவிடும். பெரும்பாலான சீட்டுகள் வெள்ளையாக இருந்தன. இதைக் கண்டு நூலகர் மேடம் வருந்தினார். வருந்த வேண்டியதில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு கணக்கு இருந்தது: அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-ல் வாங்கிய 36,892 நூல்களை எடுத்துப் பார்த்தபோது, 1975 முடியும்வரை 39.8 விழுக்காடு நூல்களை ஒருவர்கூட வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அது ஆராய்ச்சி செய்கிற பெரிய பல்கலைக்கழகம். அங்கே என்றாவது ஒருநாள் ஒருவருக்குத் தேவைப்படும் என்று வாங்கி வைப்பதற்கு நியாயம் உண்டு. இளங்கலைக் கல்லூரிக்கு அந்த நியாயம் செல்லாது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1949-ல் லமான்ட் நூலகத்தை இளங்கலை மாணவர்களுக்கென்றே தனியாகக் கட்டியதன் காரணம், பெரிய நூலகத்தின் இலட்சக்கணக்கான நூல்களுக்கு நடுவில் பிள்ளைகள் திக்குத் தெரியாமல் நின்றதுதான். தேர்ந்தெடுத்த நூல்கள், அதிகம் கேட்கப்படுபவற்றுக்குக் கூடுதல் பிரதிகள், மாணவர் தாமே ரேக்கில் போய் எடுக்கும் வசதி, இவ்வளவுதான் அந்த ஏற்பாடு. இளங்கலைச் சேகரத்தின் பலம் தேர்வில் இருக்கிறது.

சீட்டுகளுக்கு அடுத்து, புதிதாக வாங்கிய நூல்களை எழுதும் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினோம். ஒவ்வோர் ஆண்டும் பதிவுகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குவிந்து கிடந்தன. நிதியாண்டு முடியுமுன் பணத்தைச் செலவழித்தாக வேண்டும்; அந்த நேரம் பார்த்து விற்பனையாளர் ஒருவர் ஆட்டோவில் கட்டுக் கட்டாக இறக்குவார்; துறைத்தலைவர்கள் தேர்வு வேலைக்கு நடுவில் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படி வந்தவற்றில் ஒரே தலைப்பைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் போட்ட பொதுவான நூல்கள் ஏராளம். விலை அதிகம், தள்ளுபடி அதிகம், உள்ளே சரக்கு இல்லை. அவற்றின் சீட்டு வெள்ளையாக இருப்பதற்கு மாணவரைக் குறை சொல்வது அநியாயம். வாசிப்புப் பழக்கம் போய்விட்டது என்று மேடையில் பேசுவது சுலபம். வாசிக்கத் தகுந்ததை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தோமா என்று கேட்பதுதான் கடினம்.

அதிகம் தேய்ந்திருந்தவை எவை? பாடத்திட்டக் கைடுகள், வங்கித் தேர்வு நூல்கள், டிஎன்பிஎஸ்சி நூல்கள். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் எவரும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்களைத்தான் முதலில் தேடுவார்கள். 2018-லிருந்து புதுப் பாடத்திட்டத்தில் வந்த நூல்கள் அச்சிலும் உள்ளடக்கத்திலும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கல்லூரி நூலகத்தில் ஒரு செட்கூட இல்லை. "காலேஜ் லைப்ரரில ஸ்கூல் புக்கா?" என்று யாரோ என்றோ கேட்டிருக்க வேண்டும். அவற்றைச் சில செட்டுகள் வாங்கி நுழைவாயிலுக்குப் பக்கத்து ரேக்கில் வைத்தோம். செலவு மிகக் குறைவு. இதுவரை அந்தக் கட்டடத்துக்குள் வராத கணிதத் துறைப் பையன்களும் வணிகவியல் துறைப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். ஆள் உள்ளே வந்தபிறகுதான் இரண்டாவது புத்தகத்தைப் பற்றிப் பேசமுடியும்.

மின்வளங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும், காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் உறுப்பினர் வசதி கல்லூரிக்கு இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அது பெரிய உதவி. முதலாண்டு பி.எஸ்சி. மாணவருக்கு ஆங்கில ஆய்விதழ் அடுத்த படி ஆகாது. நடுவில் பல படிகள் காலியாக இருக்கின்றன.

நெல்லை ரேக்

அந்தக் காலிப் படிகளில் ஒன்றையாவது நிரப்பியது, மழையில் நனைந்த அந்த உள்ளூர்க் கட்டுகள்தான். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி.

நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டூயி தசமப் பகுப்பில் பாடப்பொருளுக்குத்தான் முதலிடம், ஊருக்கு அதற்குப் பிறகுதான். அதனால் தாமிரபரணியைப் பற்றிய நூல்கள் நூலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. வரலாறு 954.82-ல், நாட்டார் பாடல்கள் 398-ல், கோயில் கட்டடக்கலை 726-ல், தாவரங்கள் 580-களில், பாசன விவசாயம் 630-களில், நெல்லை எழுத்தாளர்களின் கதைகள் 894.8113-ல். பாடம் தெரிந்தவருக்கு இது வசதி. எந்தப் பாடத்தில் தேடவேண்டும் என்றே தெரியாமல், 'எங்க ஊரைப் பத்தி ஏதாவது இருக்கா' என்று கேட்டு வருகிறவருக்கு இது மூடிய கதவு.

இளங்கலை மூன்றாமாண்டில் எல்லாத் துறையிலும் ப்ராஜெக்ட் உண்டு. அப்போது தலைப்பு தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தம் ஊரிலிருந்துதான் எடுக்கிறார்கள். பத்தமடைப் பாய், முக்கூடல் பீடி, களக்காடு வாழை, கூந்தன்குளத்துப் பறவைகள், கூடங்குளம், மணிமுத்தாறு. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் எழுதப்படும் அந்த ப்ராஜெக்ட் அறிக்கைகளைத் துறைகள் கொஞ்ச காலம் வைத்திருந்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடும். அடுத்த ஆண்டு வருகிறவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார், இல்லையென்றால் இணையத்தில் கிடைத்ததை ஒட்டுவார்.

நூலகர் மேடத்தின் யோசனை எளிமையானது. பகுப்பு எண்ணைத் தொடவேண்டாம். எண்ணுக்கு முன்னால் 'நெ' என்ற எழுத்தை மட்டும் சேர்த்து முதுகுச் சீட்டு ஒட்டுவோம், கோஹாவில் இருப்பிடம் என்ற இடத்தில் 'நெல்லை ரேக்' என்று குறிப்போம், எல்லாவற்றையும் வாசலுக்கு எதிரே ஒரே இடத்தில் நிறுத்துவோம். நாளைக்கு வேண்டாம் என்றால் அந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே அனுப்பலாம். திறந்த ரேக், பூட்டில்லை. சில நூல்களைப் பூட்டிய கண்ணாடி பீரோவிலிருந்து வெளியே எடுத்தபோது அண்ணாச்சிக்கு மனசில்லை. காணாமல் போனால் தணிக்கையில் தம் தலையில் விழும் என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) 215-ஆம் விதி இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது: ஆண்டுக்கு வெளியே கொடுத்ததும் உள்ளே படித்ததுமாக ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதில் அலட்சியமோ நேர்மைக்குறைவோ இருக்கக்கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டதும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. அந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. இருந்தாலும் நூலகக் குழு அதை அளவுகோலாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. அண்ணாச்சிக்கு நிம்மதி. மலர்கள் போன்ற மாற்றுப் பிரதி இல்லாதவற்றை மட்டும் மேசைக்குப் பின்னால் வைத்து, ரேக்கில் அவற்றின் பெயர்ப் பட்டியலை மாட்டினோம்.

ரேக்கில் என்ன நிற்கிறது? ஸ்டூவர்ட்டின் 1879 மாவட்ட மேனுவல், கால்டுவெல் பாதிரியாரின் 1881 திருநெல்வேலி வரலாறு, பேட் துரையின் 1917 கெசட்டியர், மூன்றும் மறுபதிப்பிலோ அச்செடுத்துக் கட்டிய பிரதியாகவோ. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை 1969-ல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழின் சில பழைய இதழ்கள்; பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஊர்க்காரர்களையும் இளைஞர்களையும் நெல்லை ஆய்வுக் குழுவாகக் கூட்டி வைத்து ஆய்வு நடத்திய மனிதர் அவர், இந்த ரேக்கின் மூத்தவர் என்றே நான் நினைக்கிறேன். ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை அகழாய்வு வெளியீடுகள். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் சட்டமன்றத்தில் அறிவித்தபோது அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த நூலகத்தில் வந்து கேட்டிருப்பார்கள், நாம் எதைக் கொடுத்திருப்போம் என்று யோசித்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. புதுமைப்பித்தனிலிருந்து வண்ணதாசன், வண்ணநிலவன் வரையிலான கதைகள், தொ. பரமசிவனின் கட்டுரைகள். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றிய பொதுப்பணித் துறைக் குறிப்புகள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் பற்றிய வனத்துறை வெளியீடுகள். 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது அது. 1929-லிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் பற்றிய கட்டுரைகளின் நகல்கள். இவற்றோடு ஆண்டுவாரியாக, துறைத்தலைவர்கள் தேர்ந்தெடுத்துத் தந்த மாணவர் ப்ராஜெக்ட் அறிக்கைகள்.

இந்தக் கடைசி வகைதான் எதிர்பாராத அளவுக்குக் கையோடு கை மாறியது. தம்மைப் போன்ற ஒரு பிள்ளை, தம் ஊர் பஸ்ஸிலேயே வந்து எழுதியது என்பதால் பயம் இல்லை. முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் வணிகவியல் மாணவி ஒருவர் பீடித் தொழிலாளர்களைப் பற்றிய பழைய அறிக்கை ஒன்றைப் படித்துவிட்டு மேசைக்கு வந்தார். "எங்கம்மா சுத்துத பீடிக்கு ஒரு சட்டமே இருக்கா மேடம்?" அப்போது இருந்தது, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் வேலை நிலைமைச் சட்டம், 1966. மேடம் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதைப் படித்து முடித்தவர் தொழிலாளர் பொருளாதாரம் பற்றிய ஒரு பாடநூலை, அவர் துறையின் பாடத்திட்டத்திலேயே இல்லாததை, வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் தேடிய இரண்டாவது புத்தகம் அதுதான், அதுவும் மூன்றாவதாக வந்தது. அவர் போன வழியை நாங்கள் குறித்துக்கொண்டோம்: ஊர், சக மாணவரின் அறிக்கை, சட்டம், பாடநூல். கைடிலிருந்து பாடநூலுக்கு நேர்ப் பாதை போட்டு அழைத்தால் வராத பிள்ளைகள் இந்தச் சுற்றுப்பாதையில் வருகிறார்கள்.

கழிவு

இடம் வேண்டும் என்றால் சிலவற்றை வெளியேற்றியாக வேண்டும். கல்லூரிகளில் யாரும் தொடத் துணியாத வேலை இது. ஒருபக்கம் எண்ணிக்கை குறைந்துவிடும் என்ற கவலை. மறுபக்கம் புத்தகம் சரஸ்வதி, தூக்கிப் போடலாமா என்ற மனம். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் விஷுவல் பேசிக் 6 கைடின் இருபது பிரதிகள் ரேக்கை அடைத்து நிற்கும்போது, 2008-லேயே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்ட ஒரு மென்பொருளை ஒரு பிள்ளை நம்பிப் படித்துவிடக்கூடும். அது வெறும் இட விரயம் அல்ல, தவறான வழிகாட்டல்.

டெக்சாஸ் மாநிலத்துச் சிறு நூலகங்களுக்காக 1976-ல் வந்த 'கிரூ' என்ற கழிவு முறை இதற்குக் கைகொடுத்தது. ஒரு நூல் தவறான தகவல் தருகிறதா, கிழிந்து கெட்டதா, புதிய பதிப்பு வந்துவிட்டதா, இந்த வாசகருக்குத் தேவையற்றதா, வேறெங்கும் எளிதில் கிடைக்குமா என்று கேட்டு முடிவெடுக்கும் முறை அது. வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம், 1960-கள், 70-களில் கல்லூரியில் தமிழ்வழிக் கல்வி வந்தபோது அரசு வெளியிட்ட தமிழ் அறிவியல் நூல்கள். தாவர உள்ளமைப்பியல், ஒளியியல், பகுமுறை வடிவகணிதம். கலைச்சொல் பழையது, தாள் பழுத்துவிட்டது, இராமபாணப் பூச்சி ஓரத்தைத் தின்றிருக்கிறது. ஆனால் விளக்கம் அருமை. தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை. பள்ளியில் தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் தவிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. அவற்றைக் கழிவுப் பட்டியலிலிருந்து எடுத்துத் துறைப் பாடநூல்களுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். இந்த வகை நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. அந்த முகவரிக்குப் போகும் க்யூஆர் குறியை ரேக்கின் பக்கவாட்டில் ஒட்டினார் மேடம்.

கழிவுப் பட்டியல் துறைத்தலைவர்களின் கையெழுத்து, நூலகக் குழுத் தீர்மானம், நிர்வாகத்தின் ஒப்புதல் என்று போய்த் திரும்ப நாளாயிற்று. நடுவில் கணினித் துறை சில நூல்களைத் திருப்பிக் கேட்டது, கொடுத்தோம். இந்த விஷயத்தில் அவசரம் கூடாது. ஒருமுறை வெளியேறிய நூலைப் பற்றி யாரும் பின்னால் வருத்தப்படும்படி ஆகிவிட்டால் அடுத்த இருபது ஆண்டுக்குக் கழிவு என்ற பேச்சே எழாது.

நிற்கிற வேலைகள்

கொள்முதலை மார்ச்சிலிருந்து நகர்த்துவது பாதிதான் நடந்திருக்கிறது. மாணவர் கேட்டுக் கிடைக்காத நூல்களை எழுதும் ஒரு நோட்டு மேசையில் கிடக்கிறது. ஜூலையில் அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் துறைப் பட்டியல்கள் என்று முடிவு. நோட்டு வேகமாக நிரம்புகிறது, பணம் அதே வேகத்தில் வரவில்லை. தமிழில் புதிய அறிவியல் நூல்கள் வேண்டும் என்று அதில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அதற்கு எங்களிடம் பழைய நூல்கள்தான் பதில். நூலகம் மட்டும் தீர்க்கக்கூடிய குறை அல்ல அது.

சாயங்காலம் கூடுதல் நேரம் திறக்கக் கேட்டார்கள். பஸ் நேரத்தைப் பார்த்தால் அதனால் விடுதி மாணவருக்கு மட்டுமே பயன். அதற்குப் பதிலாகக் காலையில் முதல் பஸ்ஸில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக முன்கூட்டியே கதவைத் திறக்கலாம் என்று அண்ணாச்சிதான் சொன்னார். செய்து பார்க்கிறார்கள்.

ப்ராஜெக்ட் அறிக்கைகளை ஸ்கேன் செய்து பட்டியலில் இணைக்கும் வேலையும் பாதியில் நிற்கிறது. எழுதிய மாணவரின் அனுமதி இல்லாமல் பொதுவில் வைக்கக்கூடாது என்று குழு கறாராக இருக்கிறது. அறிக்கைகளில் பெயர் சொல்லிப் பேசிய பீடித் தொழிலாளர்களும் பாய் நெசவாளர்களும் உண்டு, அவர்களையும் பாதுகாக்க வேண்டும். இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்களிடம் அறிக்கை வாங்கும்போதே அனுமதிப் படிவத்தையும், பேட்டி கொடுத்தவர்களின் பெயரை நீக்கிய ஒரு பிரதியையும் சேர்த்து வாங்குகிறார்கள். பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது துறை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக நடந்துகொண்டிருக்கிறது.